சாமத்திய வீட்டுக்கு வந்த ரோலாடன் அழைப்புகள்

நான் வேலை செய்யும் இடம் ஜெர்மனியில் எசன் நகரத்தில் ஒரு சின்ன நிறுவனம். ரோலாடன் பூட்டுவதும் திருத்துவதும் எங்கள் தொழில். ரோலாடன் என்றால் யன்னலுக்கு வெளிப்பக்கம் சுருண்டு ஏறி இறங்குகிற திரை. ஜெர்மன்காரருக்கு அது இறங்கினால்தான் நித்திரை, ஏறினால்தான் விடியல். கந்தோரில், அதாவது ஆபீசுக்குள், மூன்று பேர் இருக்கிறோம். ஒருவர் முதலாளி அம்மா. அவரைச் செஃபின் என்போம். அடுத்தவர் மைஸ்டர். தொழிலில் பெரிய பரீட்சை எழுதித் தேறியவர், அறுபதைத் தாண்டியவர், தரையில் நிற்கும்போது கோபக்காரர், ஏணியில் ஏறினால் சாந்தமாகிவிடுவார். மூன்றாவது நான். போன் எடுப்பதும், எந்த நாள் எத்தனை மணிக்கு வருவோம் என்று டெர்மின் கொடுப்பதும் என் வேலை. மற்ற நாலு பேரும் வான் வண்டியில் வெளியே போய்த் திருத்துகிறவர்கள்.

எங்கள் பழைய தொலைபேசி நிலவறைச் சுவரில் ஒரு சாம்பல் பெட்டியாக இருந்தது. அது எந்நேரமும் உறுமும். போன கோடையில் ஒருநாள் உறுமல் நின்றது. திருத்துவதற்கு ஆள் வந்து, பெட்டியைத் திறந்து பார்த்து, செத்த வீட்டுக்கு வந்தவர்போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஒருவருக்கொருவர் செய்தி எழுத, படம் அனுப்ப, யார் லீவு என்று பார்க்க எங்களிடம் ஏற்கனவே ஒரு புரோகிராம் இருந்தது. மைஸ்டர் அதில் எதற்கும் "ஓகே" என்று மட்டும் எழுதுவார். செஃபினின் பூனை செத்ததற்கும் ஓகே என்றுதான் எழுதினார். அந்தப் புரோகிராமுக்குள்ளேயே தொலைபேசியையும் சேர்க்கலாம் என்று செஃபின் எங்கோ வாசித்துவிட்டார்.

"கொம்பியூட்டரிலும் அடிக்கும், கைப்போனிலும் அடிக்கும், நம்பர் பழைய நம்பர்தான்" என்றார். "நீ செய்."

"நானோ?"

"நீதானே பிரிண்டரைத் திருத்தினாய்."

அவர் பேசியது ஜெர்மனில்தான். ஆனால் எட்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்த என் தலைக்குள் எல்லோருடைய பேச்சும் யாழ்ப்பாணத் தமிழாகித்தான் தங்குகிறது. பிரிண்டரை நான் திருத்தவில்லை. கடதாசி முடிந்திருந்தது, கடதாசி வைத்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் சரி என்றேன்.

என் ஒன்றுவிட்ட தங்கையின் கணவர் தமிழ்நாட்டுக்காரர். வால்டோர்ஃபில் மென்பொருள் வேலை. அவரைக் கூப்பிட்டேன்.

"ரொம்ப சிம்பிள்க்கா" என்றார். "வெறும் கான்ஃபிகரேஷன். ஆபீஸ் டைம்ல கால் வந்தா என்ன பண்ணணும், மத்த டைம்ல வந்தா என்ன பண்ணணும், அவ்ளோதான் கேட்கும்."

"நீங்கள் இதைச் செய்திருக்கிறீங்களோ?"

"இல்லக்கா, நான் சம்பள சாஃப்ட்வேர். ஆனா எல்லாம் ஒரே லாஜிக்தான்."

ஒரு புதன்கிழமை முழுவதும் அந்தக் கான்ஃபிகரேஷனுக்குள் இருந்தேன். செஃபினுக்கு ஓர் ஆசை. பெரிய நிறுவனங்களுக்குப் போன் எடுத்தால் ஒன்றை அமத்துங்கள், இரண்டை அமத்துங்கள் என்று ஒரு குரல் சொல்லுமே, அது எங்களுக்கும் வேண்டும். ரோலாடனுக்கு ஒன்று, வெயில் மறைப்புக்கு இரண்டு, வேறு விடயங்களுக்கு மூன்று. ஒன்றை அமத்தினாலும் நான்தான், இரண்டை அமத்தினாலும் நான்தான், மூன்றும் நான்தான். "அது சனத்துக்குத் தெரியத் தேவையில்லை" என்றார் செஃபின். குரலும் என்னுடையதே. கோட்டுகள் தொங்கும் அலுமாரிக்குள் தலையை விட்டு, எதிரொலி இல்லாமல், பதினேழு முறை பதிவு செய்தேன்.

மைஸ்டருக்கு ஒரு ஹெட்செட் வாங்கியிருந்தோம். அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நான் விமானம் ஓட்டுறேல்லை" என்று சொல்லி மேசையில் வைத்துவிட்டுப் போனார். பிறகு அவருக்காகப் பழைய மாதிரியிலான ஒரு மேசைத் தொலைபேசி வாங்கி அதைப் புரோகிராமோடு இணைத்தேன். அழைப்பு முதலில் அவருடைய மேசையில் அடிக்கும், எடுக்காவிட்டால் செஃபினிடம் போகும், அவரும் எடுக்காவிட்டால் என்னிடம் வரும். தன்னிடம்தான் முதலில் வரவேண்டும் என்று மைஸ்டர் ஒரே பிடியாக நின்றார். எடுக்கமாட்டார், ஆனால் முதலில் அவரிடம் வரவேண்டும்.

வியாழன் பின்னேரம் ஆறரைக்கு எல்லோரும் போனபிறகு என் கைப்போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரல் என்னை வரவேற்றது. ஒன்றை அமத்தினேன். மைஸ்டரின் மேசை அடித்தது, செஃபினுடைய கொம்பியூட்டர் அடித்தது, கடைசியில் என்னுடையது அடித்தது. பெருமையாக இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் எனக்கு நானே ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை ஒரு அழைப்பும் வரவில்லை.

காலையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பத்து மணிக்குச் செஃபின் தன் அறையிலிருந்து வெளியே வந்து, "என்ன ஒரு அமைதி" என்றார். சரியான வெக்கை நாள். சனம் எல்லாம் ஏரிக்கரைக்குப் போயிருக்கும் என்று பேசிக்கொண்டோம். நான் மூன்று மாதம் கிடப்பில் கிடந்த கடிதங்களை முடித்தேன். மத்தியானம் மைஸ்டர் என் மேசைக்கு வந்து, இதுவரை செய்யாத ஒரு காரியம் செய்தார். என்னைப் பாராட்டினார்.

"நல்ல தொலைபேசி. இப்பிடி ஒண்டைத்தான் நான் முப்பது வருஷமாக் கேட்டனான்."

உண்மை என்னவென்றால், கந்தோர் நேரத்தையும் மற்ற நேரத்தையும் நான் மாற்றிப் போட்டிருந்தேன். கான்ஃபிகரேஷன் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் அருகருகே இருந்தன. வேலை நாளில் எட்டிலிருந்து ஐந்து வரை கூப்பிட்டவர்களுக்கு, கந்தோர் பூட்டியிருக்கிறது, கந்தோர் நேரத்தில் கூப்பிடுங்கள் என்று நானே அலுமாரிக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தேன். கந்தோர் பூட்டியபிறகும் சனி ஞாயிறும் அது விழித்துக்கொண்டது. நான் சோதித்துப் பார்த்தது பின்னேரம் ஆறரைக்கு. அதனால்தான் எல்லாம் வடிவாக வேலை செய்தது.

அன்று இரவு ஆலங்கட்டி மழை கொட்டியது. ஒவ்வொரு கட்டியும் தேசிக்காய் அளவு. எசனில் பாதி ரோலாடன்கள் நெளிந்தன. இது எனக்குப் பிறகுதான் தெரியும். ஏனென்றால் சனிக்கிழமை விடிய நான் ஹம் நகரத்துக்கு ரெயில் ஏறிவிட்டேன். அண்ணனுடைய மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், அவளுக்குச் சாமத்திய வீடு. நான் மாமி, ஆலாத்தி எடுக்கவேண்டிய ஆள். செஃபின் வடகடல் தீவு ஒன்றுக்குப் போய்ப் போனை அணைத்துவிட்டார். மைஸ்டருடைய போன் கந்தோர் மேசையில் தனியாக இருந்தது. எசன் முழுக்க அழைத்தால் இனி யாரிடம் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

மண்டபத்தில் ஒரு சின்னச் சிக்கல். மேளக்காரர் பரிஸ் நகரத்திலிருந்து வரவேண்டும், நெடுஞ்சாலையில் நெரிசலுக்குள் நின்றார்கள். மேளம் இல்லாமல் பிள்ளையை மேடைக்குக் கூட்டிவர ஏலாது என்று பெரியவர்கள் நின்றதால், என் கைப்போனிலிருந்த நாதஸ்வரத்தை மண்டபத்து ஒலிபெருக்கியோடு கம்பியில்லாமல் இணைத்தேன். நல்ல சத்தமாக வந்தது. போனை மேடைக்குப் பக்கத்தில் கேக் மேசையில் வைத்தேன். கேக்குக்குக் காவலாக என் சித்தி ஒரு கதிரையில் இருந்தார்.

சித்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஹம் ரெயில் நிலையத்தில் ஒரு பேக்கரியில் இருபத்திரண்டு வருடம் கவுண்டரில் நின்றவர். இப்போது ஓய்வு. அவருடைய ஜெர்மனில் இலக்கணம் என்று ஒன்று இல்லை. ஆனால் அவர் சொன்னது விளங்காமல் அந்தப் பேக்கரியிலிருந்து ஒருவரும் திரும்பிப் போனதில்லை.

நானும் மச்சாளும் திரி எரிகிற தட்டைப் பிடித்து இரண்டாவது சுற்றுச் சுற்றும்போது நாதஸ்வரம் நின்றது. தண்ணீருக்குள் குமிழி விடுவதுபோல ஒரு சத்தம் ஒலிபெருக்கியில் வந்தது. எங்கள் புரோகிராமின் மணிச்சத்தம். மேளக்காரர் வந்துசேர்ந்துவிட்டதாகச் சொல்லத்தான் எடுக்கிறார்கள் என்று சித்தி நினைத்தார். பச்சையை அமத்தினார்.

இருநூறு பேருக்குமேல் நின்ற மண்டபத்தில் ஒரு ஜெர்மன் கிழவருடைய குரல் கேட்டது.

"ஹலோ? என்ர ரோலாடன் மேல போகுதில்லை. விடியத் தொடக்கம் இருட்டுக்குள்ள இருக்கிறன்."

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிட்டது. அவர்கள் சிரித்துச் சரிந்தார்கள். பெரியவர்களுக்கு ஒலிபெருக்கியில் ஜெர்மன் குரல் கேட்டால் ஒரே பொருள்தான்: மண்டபக்காரன் கார் நிறுத்தினதற்கு ஏசுகிறான். ஆறேழு ஆண்கள் சால்வையை இழுத்துக்கொண்டு காரை எடுக்க வெளியே ஓடினார்கள். வீடியோ எடுத்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் கமராவைத் திருப்பி ஒலிபெருக்கியைப் படமெடுத்தார். நான் எரிகிற தட்டோடு அந்தரத்தில் நின்றேன். வைக்கவும் ஏலாது, ஓடவும் ஏலாது.

சித்தி பதறவே இல்லை. பேக்கரியில் அதைவிட அமளியான காலைநேரங்களைப் பார்த்தவர்.

"லைட் போடுங்கோ" என்றார் ஜெர்மனில். அதுவும் ஒலிபெருக்கியில் வந்தது.

ஒலிபெருக்கியில் சுவிட்ச் ஒன்று டக் என்றது. பிறகு கிழவர், "போட்டிட்டன்" என்றார்.

"இப்ப இருட்டோ?"

"இல்லை. இப்ப பரவாயில்லை."

"நல்லது. எந்தத் தெரு?"

அண்ணன் ஓடிவந்து ஒலிபெருக்கித் தொடர்பைத் துண்டித்துத் தன் போனில் நாதஸ்வரத்தைப் போட்டார். சித்தி என் போனைக் காதில் வைத்தபடி மண்டபத்துக்குப் பின்னாலிருந்த குசினிக்குள் போனார். போகும்போது கேக் பெட்டியின் மூடியைக் கக்கத்தில் எடுத்துக்கொண்டு, வீடியோக்காரரின் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனையையும் உருவிக்கொண்டு போனார்.

ஆலாத்தி முடிந்து நான் குசினிக்குள் ஓடியபோது அவர் ஒரு சோற்றுக் கிடாரத்துக்குப் பக்கத்தில் இருந்து எழுதிக்கொண்டிருந்தார். பொறு என்று ஒரு விரலைக் காட்டினார். வேறொரு அழைப்பு. "இழுக்காதேங்கோ. இழுத்தா அறும்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில், பேக்கரிக் கவுண்டரில் ஒரு நாளைக்கு ஆயிரம் தரம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்: "வேற ஏதாவது?"

அந்தப் பக்கத்தில் ஒரு பெண் யோசித்தார். பிறகு, வாசலுக்கு மேலே உள்ள வெயில் மறைப்பும் கொஞ்ச நாளாகக் கிறீச்சிடுகிறது என்றார். சித்தி அதையும் எழுதினார்.

"சித்தி, அது என்ர கந்தோர்ப் போன். சனிக்கிழமை நாங்கள் பூட்டு."

"பூட்டெண்டா ஏன் பிள்ளை அடிக்குது?"

அப்போதுதான் அந்த இரண்டு கட்டங்களும் இடம்மாறிக் கிடப்பது எனக்கு விளங்கியது. புரோகிராமைத் திறந்து திருத்தலாம் என்று கையை நீட்டினேன். போன் திரும்ப அடித்தது.

"நீ போய்ப் படத்துக்கு நில்" என்றார் சித்தி. "உன்ர சீலை கசங்கமுந்தி. இதை நான் பாக்கிறன். சனம் பாவம், கூப்பிட்டுக்கொண்டு நிக்குது."

நான் போய்ப் படத்துக்கு நின்றேன். எல்லாப் படங்களிலும் என் கண் குசினிப் பக்கம்தான் இருக்கிறது.

மூடியை நான் பின்னேரம் ரெயிலில் வைத்து வாசித்தேன். பதின்மூன்று அழைப்புகள். தெருப் பெயரும் வீட்டு நம்பரும் தொலைபேசி நம்பரும் ஜெர்மனில், ஒரு பிழையில்லை. மற்றதெல்லாம் தமிழில். எல்லோருக்கும் ஒரே டெர்மின்: திங்கள் காலமை. பேக்கரியில் காலமை என்பது நாலரைக்குத் தொடங்குவதால், அதற்குள் பதின்மூன்று வீடு போகலாம் என்று சித்தி நம்பியிருக்கவேண்டும். மூடியின் ஒரு மூலையில் பிங்க் நிற ஐசிங் ஒட்டியிருந்தது. அன்றே கட்டங்களை மாற்றிவிட்டேன். ஒரு தட்டுத்தான்.

திங்கள் ஏழு மணிக்கு முற்றத்தில் மைஸ்டருக்கு முன்னால் மூடியோடு நின்றேன். நடந்ததைச் சொன்னேன். அவருடைய கழுத்து மெல்ல மெல்லச் சிவந்தது.

"பதின்மூண்டு வீடும் இண்டைக்கோ?"

"ஓம்."

"ஆர் குடுத்தது?"

"என்ர சித்தி."

"வாசி."

நான் வாசித்தேன். "முதலாவது, வயசான மனிசன், தனிய. லைட்டைப் போட மறக்கிறவர். இவரிட்ட முதல் போங்கோ. ரெண்டாவது, நாய் குரைக்குது, மனுசி கடிக்காது எண்டு சொல்லுது, நம்பாதேங்கோ. மூண்டாவது, புருசன் தானே திருத்தப் பாத்திருக்கிறார், அவருக்கு முன்னால சிரிக்காதேங்கோ. நாலாவது, வெயில் மறைப்புக் கிறீச், எண்ணெய் கொண்டு போங்கோ…"

முடிந்ததும் மைஸ்டர் மூடியை என் கையிலிருந்து வாங்கி, தனக்கு ஒரு சொல்லும் வாசிக்கத் தெரியாத தமிழெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"முப்பது வருஷத்தில எனக்கு ஒருத்தரும் இப்பிடி எழுதித் தரேல்லை" என்றார். அது பாராட்டா, எனக்கு விட்ட குத்தா என்று இன்றுவரை தெரியாது. நான் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஜெர்மனில் எழுதிக் கொடுத்தேன். நாலு பேரையும் இரண்டு வானில் அனுப்பினார். மூடியை மூன்றாவது வானின் முன்கண்ணாடியில் சாத்தி வைத்துக்கொண்டு தானே புறப்பட்டார்.

மத்தியானம் புரோகிராமில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஓகே இல்லை, முழு வசனம். "சனத்துக்குக் கோப்பியைப் பற்றி ஆர் சொன்னது?"

சித்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நான்தான்" என்றார். "நீதானே எந்நாளும் சொல்லுறனி, அந்த மனிசனுக்குக் கோப்பி இல்லாட்டி விசர் வரும் எண்டு. அதுதான் எல்லாருக்கும் சொல்லிவிட்டனான், நல்ல வேலைக்காரன் வருவார், கத்தினா பயப்பிடாதேங்கோ, வந்த உடன கோப்பி குடுங்கோ எண்டு."

ஏழு வீட்டில் ஏழு கோப்பி. இரண்டு வீட்டில் கேக்கும் கிடைத்திருக்கிறது. நாய்க்கார மனுசி கதவைத் திறந்ததும், "கத்துறவர் நீங்கள்தானோ, வாங்கோ" என்று வரவேற்றாராம். மைஸ்டர் பின்னேரம் கந்தோருக்குள் வந்தபோது விரல்கள் நடுங்கின, கண் விரிந்திருந்தது. ஆனால் ஒருவரோடும் கத்தவில்லை. தன்னைப் பற்றி ஊர் முழுக்க இப்படி ஒரு கதை பரவியிருக்கிறது என்ற அதிர்ச்சியிலா, கோப்பியினாலா என்று சொல்லத் தெரியவில்லை. பதின்மூன்று வீட்டையும் முடித்திருந்தார்கள்.

செஃபின் தீவிலிருந்து செவ்வாய் வந்தார். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், வெள்ளிக்கிழமை அமைதிக்குக் காரணம் எது என்பது உட்பட. அவர் கதிரையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கட்டங்களை விட்டுவிட்டு, "கடைசியில அவ என்ன கேட்டவ எண்டு சொன்னாய்?" என்றார்.

"வேற ஏதாவது எண்டு."

"நீ அப்பிடிக் கேக்கிறனியோ?"

ஒன்பது வருடமாக நான் ஒருதரம்கூட அப்படிக் கேட்டதில்லை. நான் போனை எப்போது வைக்கலாம் என்று பார்க்கிற ஆள்.

அடுத்த கிழமை செஃபின் சித்தியை வேலைக்குக் கேட்டார். சனிக்கிழமை காலமை மூன்று மணித்தியாலம், வீட்டிலிருந்தே. சித்தி இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். போனைக் கையில் பிடிக்க ஏலாது, மரக்கறி வெட்டவேண்டும். மைஸ்டர் மேசையில் கிடந்த ஹெட்செட்டை நான் ஹம்முக்குக் கொண்டுபோய்ச் சித்தியின் கொண்டைக்கு மேலாக மாட்டிவிட்டேன். புரோகிராமில் அவருக்கு ஒரு கணக்குத் திறந்து, படம் போடச் சொன்னேன். சாமத்திய வீட்டில் எடுத்த படத்தைப் போட்டார், காஞ்சிபுரம் சீலையும் கழுத்து நிறைந்த மாலையும். எங்கள் நிறுவனத்தின் ஆட்கள் பட்டியலில் எண்ணெய் பட்ட வேலை உடுப்போடு ஐந்து பேர், நடுவில் மகாலட்சுமி மாதிரி சித்தி.

அவர் புரோகிராமை மூடுவதே இல்லை. ஞாயிறு, திங்கள், எந்நேரமும் ஆள் இருக்கிறார் என்ற பச்சைப் புள்ளி. வேலை நாளில் முக்கியமான அழைப்பு என்று நினைத்து எடுத்தால், "பிள்ளை, எசன் தமிழ்க்கடையில முருங்கையிலை வந்திட்டுதோ?" என்று கேட்பார். செஃபின் பக்கத்தில் நின்றால், பார்த்துச் சொல்கிறேன் என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு வைப்பேன்.

சனிக்கிழமைகளில் நான் சிலநேரம் புரோகிராமைத் திறந்து பார்ப்பேன். பத்து மணிபோல மைஸ்டருடைய பெயருக்குப் பக்கத்திலும் சித்தியின் பெயருக்குப் பக்கத்திலும் சிவப்புப் புள்ளி தெரியும், அழைப்பில் இருக்கிறார்கள் என்று. அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம். மைஸ்டருக்குச் சனிக்கிழமை வேலையே இல்லை. கைப்போனில் இந்தச் செயலியை அவர் எப்போது போட்டார், யார் போட்டுக்கொடுத்தார்கள் என்பதும் எனக்குத் தெரியாது.

ஒருநாள் சித்தியிடமே கேட்டேன்.

"ஒண்டுமில்லை" என்றார். "அவர் தன்ர முழங்கால் நோவைச் சொல்லுறார். நான் என்ர முழங்காலைச் சொல்லுறன். இடையில வேற ஆரும் கூப்பிட்டா, கொஞ்சம் பொறுங்கோ எண்டு சொல்லிப்போட்டு எடுக்கிறன்."

"பொறுங்கோ எண்டு தமிழிலயோ சொல்லுறீங்கள்?"

"ஓம். அவருக்கு விளங்குது."